ரூதா போட்ட படம்

பள்ளிகளுக்கிடையே மாணவர் பரிமாற்றம் என்றால் இப்போது ஆளோடு சமூக ஊடகக் கணக்கும் மாறும். கரூரிலிருந்து இழையினி லிதுவேனியாவுக்குப் போனாள். அங்கிருந்து தமிழ் கற்று வந்த ரூதா, இழையினியின் அறையில் தூங்கி, இழையினியாகவே பதிவு போட்டாள். வரும் கருத்துகளை வீட்டில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது பாடத்தின் விதி.

அன்று மாலை இழையினியின் அம்மா மங்கை தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் கணக்கில் புதுப் படம் என்று போன் சொன்னது. கணக்கில் ஆள் மாறியது அந்த நேரம் அவளுக்கு நினைவில்லை. பழக்கதோஷத்தில், படத்தைத் திறக்காமலே, யாருக்கும் தெரியாத தன் பொய்க் கணக்கிலிருந்து ஒரு வரி தட்டினாள். நாலு திட்டு விழுந்தால் பெண் படம் போடுவதை நிறுத்துவாள், கண்டவன் கண்ணில் படமாட்டாள் என்பது அவள் எண்ணம்.

கூடத்தில் ரூதா எழுத்துக்கூட்டி வாசித்தாள். “இந்த மூஞ்சிக்கு போட்டோ ஒரு கேடா?”

“எந்த நாய் அது?” கணவர் முத்துவேல் துள்ளி எழுந்தார். “என் பொண்டாட்டி மூஞ்சிக்கு என்னவாம்?”

மங்கை போனும் கையுமாக ஓடிவந்து பார்த்தாள். படத்தில், மாவு அப்பிய கன்னத்தோடு அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, இழையினி படம் எல்லாத்துக்கும் கீழே இதே ஆள்தான் திட்டியிருக்கு. ரூம் கண்ணாடியைத் துணி போட்டு மூடி வச்சிருக்கா. இதனாலயா?”

மங்கை போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“திட்டினா திருப்பித் திட்டக் கூடாது, யாருன்னு கேட்கணும். அதான் பாடம்,” என்று ரூதா பதில் தட்டினாள்: ‘நீங்கள் யார்?’

மங்கையின் கையில் போன் அதிர்ந்தது. முத்துவேல் திரும்பிப் பார்த்தார்.