சிந்த்ரியின் டிரம்

சிந்த்ரி கடலில் மூழ்கிப் போனபின் எங்கள் இசைக்குழுவுக்கு இன்றுதான் முதல் கச்சேரி, ஐஸ்லாந்தின் அக்குரேரி ஊரில். டிரம் வாசிக்க வேறு ஆள் வைக்கவில்லை. அவனுடைய டிரம்களை மட்டும் மேடையின் பின்பக்கம் வைத்திருந்தோம். அவன் குச்சியால் நான்கு முறை தட்டி ஆரம்பிக்கும் கடைசிப் பாட்டை விட்டுவிடுவதென்று அவன் அக்கா ஹல்பெரா முடிவு செய்திருந்தாள். அவள் எங்கள் கிதார்காரி. நான் கௌட்டி, ஒலி பார்ப்பவன்.

மதியம் நாங்கள் ஒத்திகையை முடித்ததும், எங்களுக்கு முன்னால் பாட வந்திருந்த ஆஸ்தீஸ் செல்லோ என்ற பெரிய வயலினோடு உட்கார்ந்தாள். இரண்டு வரியில் நிறுத்தினாள்.

“கௌட்டி, உங்க டிரம் என் பாட்டைக் கேட்டுப் பல்லைக் கடிக்குதுப்பா.”

சிறிய டிரம்மின் அடியில் கம்பிகள் உண்டு. பக்கத்தில் யார் வாசித்தாலும் அவை அதிரும். அதனால் மென்மையான பாட்டுக்கு முன் டிரம்மின் பக்கவாட்டு விசையை இறக்கி அவற்றைத் தளர்த்திவிடுவோம். இறக்கிவிட்டு வந்தேன். மறுபடி அதிர்ந்தது. விசை மேலே இருந்தது. திரும்ப இறக்கினேன். ஆஸ்தீஸ் வில்லை எடுப்பதற்குள் டக்கென்று ஏறிக்கொண்டது.

“விசை தேஞ்சிருச்சு. டேப் ஒட்டிரவா?” என்றேன்.

ஹல்பெரா டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம். வாசிக்கப் போறப்பதான் அவன் அதை ஏத்துவான். கடைசிப் பாட்டு இருக்கட்டும். நீ அதுக்கு ஒரு மைக் வை.”

வைத்தேன். எல்லோரும் காபி குடிக்கப் போனார்கள். என் ஒலி மேசையில், அந்த மைக்கில் சத்தம் விழுந்தால் எரியும் பச்சை விளக்கு, ஒரே இடைவெளியில், நான்கு முறை எரிந்தது. பிறகு காத்திருந்தது.