இரண்டாவது வரி

பார்சல் கிடங்கின் பெரிய திரையில், வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே அவர் மனம் அந்நேரம் செய்வதெல்லாம் வரிவரியாக ஓடும். ரெஜினாவின் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள்: 'பார்சல் பிரித்தல், அறுபது சதவீதம். மகளின் காய்ச்சல், நாற்பது.'

காலையிலேயே அவளுக்கு லீவு இல்லையென்று கைவிரித்த சூப்பர்வைசர் தணிகைவேல், எல்லோர் முன்னாலும் கத்தினார்: "இங்க ஆளுக்கு ஒரு வரிதான் ஓடணும். ஒண்ண மூடும்மா!"

அவரவர் வரியை அவரவர்தான் மூட முடியும். ரெஜினா திரையருகே போய் விரலை வைத்தாள். பார்சல் வரி அணைந்தது. காய்ச்சல் நூறுக்கு ஏறியது.

"இப்ப ஒண்ணுதான் சார் ஓடுது," என்றவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

திரையில் தணிகைவேலின் பெயருக்குக் கீழேயும் இரண்டாவதாக ஒரு வரி முளைத்தது: 'பயம்.' பார்சலைத் தொடாமல் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.