இருபதாவது வார்த்தை

"ஏட்டி, ஒனக்கு வாயில என்ன இருந்துது? ஒரு வார்த்தை சொல்ல வரல்லியா?"

ஆசுபத்திரி முற்றம் என்றும் பாராமல் லீலாபாய் கத்திவிட்டாள். தேவகனி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"மறந்துபோச்சு லீலா."

"மறந்துபோச்சா? போன ஞாயித்துக்கெழமை நான் கேட்டப்பம் பட்டுனு சொன்னியே! நான் கதவுப்பக்கம்தான் நின்னேன். மதாம்மா மூணு தடவை கேட்டா. நீ சன்னலைப் பாத்துக்கிட்டு ஊமை மாதிரி இருக்கிய!"

அது முப்பத்தொன்றாம் வருஷம். மிஷன் ஆசுபத்திரியில் நர்சுப் படிப்புக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. மதாம்மா என்கிற வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்குத் தமிழ் கேட்டால் கொஞ்சம் புரியும், பேச வராது. அவர் இங்கிலீஷில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். அதற்குத்தான் பரீட்சை. இருபது வார்த்தை கேட்பார். பதினெட்டுக்காவது உரக்கத் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதில் இரண்டு தப்பு. கடைசி வார்த்தையைச் சொல்லியிருந்தால் இடம் தேவகனிக்கு.

கடைசி வார்த்தை, 'விடோ'.

லீலாபாய் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது இங்கே இரண்டாம் வருஷ நர்சு. நாலு மாசமாய் ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை முடிந்ததும் தேவகனி வீட்டுக்குப் போய் வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். மற்ற நாளெல்லாம் தேவகனி கயிற்று நாருக்காகத் தேங்காய் மட்டையை அடித்து, கதம்பல் தல்லிக்கொண்டே படித்தாள். ஒரு அடிக்கு ஒரு வார்த்தை. "கதம்பலுக்கா இங்கிலீஷ் படிச்சுக் குடுக்கிய?" என்று கூட இருந்த பெண்கள் சிரிப்பார்கள். நானூறு வார்த்தை அப்படித்தான் மனசில் ஏறியது.

தேவகனிக்கு வயசு இருபத்தைந்து. அடுத்த வருஷம் சேர்க்க மாட்டார்கள்.

பரீட்சை அறையின் சன்னலுக்குக் கீழே இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த மாமியார் நேசம்மாள் எழுந்து வந்தாள். மருமகளோடு ஏழு மைல் நடந்து வந்தவள்.

"கெடச்சா மக்கா?"

"இல்ல மாமி."

நேசம்மாள் மருமகளின் தோளைத் தட்டினாள். "செரி, நட. பொழுது சாயுகதுக்கு முன்ன ஊரு சேரணும்" என்று முன்னால் போனாள்.

லீலாபாய் தேவகனியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கிட்ட மறைக்காத. ஒனக்கு அந்த வார்த்தை தெரியும்."

"தெரியும்."

"பொறவு?"

"மாமி சன்னலுக்குக் கீழ இருந்தாவ. அவியளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மதாம்மா கேட்டது என்னன்னு வெளங்காது. நான் 'விதவை'ன்னு சொல்லுகது மட்டும் காதுல விழும். நீ யாருட்டின்னு மதாம்மா கேட்டதுக்கு நான் அப்படிச் சொன்னேன்னு நெனச்சிருப்பாவ."

லீலாபாய் பிடித்திருந்த கையை விட்டாள்.

தேவகனியின் புருஷன் யோவான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன். கூடப் போன பொன்னுலிங்கம் மட்டும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்தான். யோவான் காலராவில் போய்விட்டான் என்றான். நேசம்மாள் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அடக்கம் பண்ணினத நீ கண்டியா? காணல்லல்லா? எம்பிள்ளை வருவான்" என்று அவனை விரட்டிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டு ஜெபத்தில் ஒருநாள் தவறாமல் யோவான் பேரைச் சொல்லி, சுகமாய்க் கொண்டுவந்து சேர்க்கும்படி மன்றாடுவாள். தேவகனி ஆமென் சொல்லுவாள்.

"அந்த நம்பிக்கையிலதான் மாமி உயிரோட இருக்காவ லீலா. அத நான் எப்படி ஒடைப்பேன்?"

லீலாபாய் டாக்டரம்மாவிடம் ஓடினாள். நடந்ததைச் சொல்லி அழுதாள். "பாவம்தான். ஆனால் இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று" என்றார் டாக்டரம்மா.

அடுத்த ஞாயிறு லீலாபாய் போனபோது தேவகனி வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கதம்பல் தல்லப் போயிருந்தாள். நேசம்மாள் மட்டும் அடுப்படியில் இருந்தாள்.

"இங்கிலீஷ் புஸ்தகத்தைத் திருப்பித் தந்திரச் சொன்னா" என்று எடுத்து நீட்டினாள். "நாலு நாளா சோறே எறங்கல்ல அவளுக்கு. ராத்திரி தூக்கத்துல ஏதோ இங்கிலீஷ் சொல்லுகா. நல்லாப் படிச்ச பிள்ளை, எப்படித் தோத்துதோ."

லீலாபாய்க்குத் தாங்கவில்லை.

"ஒங்களாலதான் மாமி தோத்தா! 'விதவை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஒங்க காதுல விழாண்டாம்னு வாயைப் பூட்டிக்கிட்டா. யோவான் வருவான்னு நீங்க நம்பிக்கிட்டு இருக்கியள்லா!"

நேசம்மாள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அவன் போனது எனக்குத் தெரியும் பிள்ளை."

"மாமி?"

"பொன்னுலிங்கம் சொன்ன அண்ணைக்கே தெரியும். பெத்த வயிறு பொய் சொல்லுமா? அவன் அப்படிச் சொன்ன உடனே இவ எழும்பி ஒண்ணும் பேசாம கெணத்தைப் பாத்து நடந்தா. ஓடிப் போயி முடியைப் பிடிச்சு இழுத்தேன். அதுக்குப் பொறவுதான் வருவான்னு சொன்னேன். ரெண்டு வருசமா சொல்லுகேன்."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நேசம்மாள் குலுங்கினாள்.

"அந்த ஒரு வார்த்தைய அவ சொல்லியிருந்தா, நானும் எம்பிள்ளைக்காக வாய்விட்டு அழுதிருக்கலாமே, மக்கா."