தெருவிளக்குக் கோப்பு

"அந்தம்மா திரும்ப வந்திருக்கு மேடம். இந்தத் தடவை தெருவிளக்குக் கோப்பைப் பாக்கணுமாம்."

பிரபு சலிப்போடு சொன்னான். வேடசந்தூர்ப் பேரூராட்சி அலுவலகத்துக்கு அவன் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் அந்தம்மா மரம் நட்ட கோப்பைப் பார்த்தாச்சு, குடிதண்ணீர்க் குழாய்க் கோப்பையும் பார்த்தாச்சு.

"தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போட்டிருக்காங்கள்ல? காட்டித்தான் ஆகணும். வரச் சொல்லுங்க," என்றாள் தகவல் அலுவலர் தமிழ்மதி.

"கூட நான் வேணா உக்காந்துக்கவா? நீங்க மாசமா இருக்கீங்க. எதுக்கு அலைச்சல்?"

"வேணாம். நானே இருக்கேன்."

பழனியம்மாள் வந்து தமிழ்மதிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தார். அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

பிரபுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, உங்க ஊரு அகரம். வேடசந்தூர்த் தெருவிளக்கு எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன உங்களுக்கு? எந்தக் காண்ட்ராக்டர் அனுப்பிவிடுறாரு?"

"யாரும் அனுப்பலப்பு. மேடத்துக்கு வேர்க்குது பாரு, ஃபேனைக் கூட்டி வையி. மத்தியானம் சாப்டாகளான்னு கேளு."

"எதிர்லதான இருக்காங்க. நீங்களே கேளுங்க."

அவர் கேட்கவில்லை. தமிழ்மதியும் பிரபுவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சாப்டாச்சுன்னு சொல்லுங்க பிரபு. வெயில்ல வந்திருக்காங்க, அவங்களுக்குத் தண்ணி குடுங்க."

'நடுவுல நான் என்ன தபால்காரனா?' என்று முனகிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வைத்தவன் சும்மா இருக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் இதெல்லாம். சட்டத்தைத் திருத்தப் போறாங்களாம், பேப்பர்ல போட்டிருக்கான். இனிமே கோப்பு பாக்கணும்னா எதுக்குன்னு காரணம் எழுதணும். காரணம் சரியில்லைன்னா மனுவைத் தள்ளிரலாம்."

பழனியம்மாள் அவன் பக்கம் திரும்பினார்.

"காரணம் எழுதணுமாப்பு?"

"ஆமா. பொழுதுபோக்க வர முடியாது."

"பிரபு," என்றாள் தமிழ்மதி. குரல் லேசாக மாறியிருந்தது. "அது இன்னும் மசோதாதான். இப்போ காரணம் கேக்க நமக்கு உரிமை இல்ல."

"சரி மேடம். ஆனா ஒரு மணி நேரம் ஆச்சு. இலவசமாப் பாக்குற நேரம் முடிஞ்சுபோச்சு, இனிமே காசு கட்டணும்."

"அந்தக் கடிகாரம் முந்தி ஓடுது. செத்த நேரம் இருக்கட்டும்."

பிரபு தன் செல்போனைப் பார்த்தான். கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் பழனியம்மாள் கோப்பை மூடி, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து போனார். தமிழ்மதி முகம் கழுவப் போனாள்.

நாற்காலியில் ஒரு மஞ்சப்பை கிடந்தது. போன தடவையும் அந்தம்மா இப்படித்தான் ஒரு பையை 'மறந்து' விட்டுப் போனது.

பிரபு பிரித்துப் பார்த்தான். கண்ணாடி வளையல்கள். ஒரு பொட்டலத்தில் கோயில் குங்குமம்.

அவனுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான்.

"இந்தாங்க. எங்க மேடம் லஞ்சம் வாங்குற ஆளு இல்ல. இதைக் குடுத்து என்ன காரியம் சாதிக்கப் பாக்குறீங்க?"

பழனியம்மாள் கையை நீட்டவில்லை.

"தாடிக்கொம்புப் பெருமாள்கிட்ட வச்சுக் கும்பிட்டது அப்பு. ஏழாம் மாசத்துல கை வெறுங்கையா இருக்கக் கூடாது. நீயே குடுத்துரு."

"அம்புட்டு அக்கறை இருந்தா அவங்க வீட்டுல போய்க் குடுக்க வேண்டியதுதான?"

"மேடம் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டாகன்னு, அவுக வீட்டுப்படி மிதிக்க மாட்டேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சூடத்தை அணைச்சு எங்க வீட்டுக்காரருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். ஆபீஸ்ல போய்ப் பாக்கக் கூடாதுன்னு அவரு கேக்கல."

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"ஏன் அப்பு, அந்தச் சட்டம் வந்துட்டா… 'எம் மக முகத்தைப் பாக்கணும்'னு எழுதுனா, அதைக் காரணம்னு ஒத்துக்குவாகளா?"