தூசிக்குள் பச்சைக் கார்
இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு மாட்டுக்கொட்டகை. ஜேகோ கதவை இழுத்துத் திறக்க, பகல் வெளிச்சம் சாய்வாக விழுந்து பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கைத் தொடுகிறது. "முப்பது வருஷமா இந்த இடத்தை விட்டு நகரலைங்க. தூசியக்கூடத் துடைக்கல," என்கிறான். துடைக்காத தூசிக்குத்தான் இப்போதெல்லாம் கிராக்கி, கைபடாத கார் என்று விலை ஏறும் என்பது, இத்தகைய கார்களைப் பிரித்துச் சீராக்கியே பிழைக்கும், இதை அவனிடம் வாங்க வந்திருக்கும் மோர்வென்னாவுக்குத் தெரியும். இந்தத் தூசி அவளுக்குப் பிடிக்கவில்லை. சலித்த மாவைத் தூவியதுபோல் ஒரே சீராக இருக்கிறது. மேலே உத்தரத்தில் ஏழெட்டுக் கோழிகள் கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்க்கின்றன. தரை முழுக்க எச்சம், சுண்ணாம்பு அடித்ததுபோல். காரின் மேல் ஒரு பொட்டு இல்லை. மண்டியிட்டு அடியில் டார்ச் அடிக்கிறாள். அங்கேயும் எச்சம், டயருக்குக் கீழேயும். கோழிகளுக்குப் பிறகு வந்த கார். "ஏம்ப்பா, உன் கோழிங்க காருக்கு மட்டும் மரியாதை குடுக்குமோ?" ஜேகோ தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடுகிறான். "அதுங்க... நல்லா வளர்த்த கோழிங்க." அவள் சிரிக்கவில்லை. கார்க் கதவின் அடி விளிம்பை விரலால் அழுத்த, துரு ஈரத்தோடு உதிர்கிறது. எங்கோ மழையில் கிடந்திருக்கிறது. அத்தனையும் புளுகு, எழுந்து போய்விடலாம். எழுந்தும் விடுகிறாள். கை மட்டும் கதவுப்பிடியை விட்டு வரமாட்டேன் என்கிறது. அதை ஜேகோ பார்த்துவிட்டான்.