சாக்பீஸ் கோடு

தையல் மேசையில் சாய்ந்து விழும் மாலை வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. தையல்காரர் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க ஊசியில் நூல் கோக்கிறார். எதிரே மகள், வாடிக்கையாளர் கேட்ட காலர் மாதிரியை டேப்லெட்டில் தேடுகிறாள். காலர்களுக்கு நடுவே ஒரு விளம்பரம் முளைக்கிறது. புற்றுநோய் மருந்தில் முடி கொட்டியவர்களுக்கான விக். அதன் கீழே, கணையப் புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை.

"காலையிலேர்ந்து இதே தொல்லைப்பா. நான் எதையும் தேடலையே. நம்ம வைஃபையில வேற யாரு இருக்கா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது. வீட்டில் இருப்பது இருவர்தான். அப்பாவின் கையில் நூல் ஊசிக்காதில் நுழையாமல் மடங்குகிறது. பெற்ற மகளிடமே மூச்சு விடாதவர், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நோயைப் பற்றித் தன் போனிடம்தான் கேட்டார். கேட்ட கையோடு அழித்தும் விட்டார். துணியில் போட்ட சாக்பீஸ் கோடு மாதிரி, தட்டினால் போய்விடும் என்று நினைத்துவிட்டார்.

"கண்டதையும் போடுவானுங்கம்மா. மூடிடு."

அவள் தலை நிமிராமல் மூலையிலிருக்கும் பெருக்கல் குறியைத் தொடுகிறாள். விளம்பரம் போகவில்லை. ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்கிறது. 'இது எனக்குச் சம்பந்தமில்லாதது' என்ற முதல் பதிலின் மேல், தொடாமல், அவள் விரல் நிற்கிறது.