உப்பு வந்த பாதை

நினைவுக்கல்லை மூடியிருந்த துணி விலகியதும் எல்லோரும் கை தட்டினார்கள். என் அப்பா மட்டும் கைத்தடியால் கல்லைத் தட்டினார்.

"தப்பு," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு கல்லுக்காக மூன்று வருடம் நகராட்சிப் படியேறியவள் நான். போர் நடந்த நாற்பத்து நான்காம் வருடம் ஊரில் ஒரு கல் உப்பு கிடையாது. பன்றியை அறுத்தால் பதப்படுத்த வழியில்லை. அப்போது எங்கள் மலையில் விளையும் செஸ்ட்நட் கொட்டையின் மாவைச் சுமந்துகொண்டு கணவாய் தாண்டி, கடற்கரை ஊரில் அதைக் கொடுத்து உப்பு வாங்கி வந்த மனிதரின் பெயர் சதுக்கத்தில் நிற்க வேண்டாமா?

நின்றது. 'ஆர்தெமியோ' என்று சாணளவு எழுத்தில். அந்த ஆர்தெமியோதான் இப்போது தடியை ஓங்கிக்கொண்டு நின்றார்.

"என்ன தப்பு தாத்தா?" என்றார் மேயர் செவேரினோ. அவருக்கு இன்னும் முப்பது முடியவில்லை.

"கீழ்ப்பாதைன்னு வெட்டியிருக்கான் பாரு, மடையன். கீழ்ப்பாதையில ஜெர்மன்காரன் உக்காந்திருந்தான். போனது மேல, காட்டு வழியா."

கூட்டத்தில் சிரிப்பு.

"முப்பது கிலோ உப்பாம்! இருபத்திரண்டு. ரெண்டு தலகாணி உறையில."

பிறகு கல்லில் செதுக்கியிருந்த உருவத்தின் காலைக் குத்தினார். "இதென்ன பூட்ஸ்? எவன்கிட்ட இருந்துச்சு பூட்ஸ்? கிழிஞ்ச கம்பளியைக் காலில சுத்திக்கிட்டுப் போனது."

பின்னால் நீள மேசையில் நான் விடியற்காலையிலிருந்து சுட்டுவைத்த செஸ்ட்நட் கேக் ஆறிக்கொண்டிருந்தது. அதையும் இவர் தொட மாட்டார். அந்த மாவின் வாசனையே இவருக்கு ஆகாது. "சுமந்து சுமந்து சலிச்சுப்போச்சு மனுஷனுக்கு," என்று அம்மா சிரிப்பாள்.

அந்தக் கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வது அம்மாதான். தான் செஸ்ட்நட் உலர்த்தும் குடிலில் நாற்பது நாள் அணையாமல் தீயைப் பார்த்துக்கொண்டதாகவும், அந்த நேரத்தில்தான் அப்பா போய் வந்ததாகவும் சொல்வாள். கதை தொடங்கியதும் அப்பா எழுந்து விறகு எடுக்கப் போய்விடுவார். தற்பெருமை பிடிக்காத மனிதர் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வோம்.

போன குளிர்காலத்தில் அம்மா போய்விட்டாள். கதை சொல்ல ஆளில்லாத வீட்டில் அப்பாவும் அநேகமாகப் பேசுவதில்லை. பேசாத மனிதர் இத்தனை பேருக்கு முன்னால்தானா வாயைத் திறக்க வேண்டும்?

அவருக்கு இருமல் வந்தது. கணவாய்ப் பனி நெஞ்சில் இறங்கியதால் வந்த இருமல் அது. ஊரே மரியாதையாகக் காத்திருந்தது.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "போதும்ப்பா. மானத்தை வாங்காத."

மேயர் சமாதானமாகச் சொன்னார். "நடந்து போனவரே சொல்றப்ப அப்புறமென்ன? எல்லாத்தையும் மாத்திடறோம் தாத்தா. வேற ஏதாவது தப்பு இருக்கா?"

"பேரு."

யாருக்கும் புரியவில்லை.

"பேரு தப்பு. அப்ப ஆம்பள வெளிய தலைய நீட்டினா ஜெர்மன்காரன் லாரியில ஏத்திக் கொண்டுபோயிருவான். குடில்ல தீயப் பாத்துக்கிட்டது நான். புகைக்குப் பயந்து எவனும் உள்ள வரல. போனது ஆல்பினா."

ஆல்பினா என் அம்மா.

"திரும்பி வந்து அவ சொன்னதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். என்னை யாரும் கோழைன்னு சொல்லிடக் கூடாதுன்னு அவ கதைய மாத்திட்டா. நானும் வாயில்லாதவன் மாதிரி இருந்துட்டேன்."

அவருக்கு மறுபடி இருமல் வந்தது. அது கணவாய்ப் பனியல்ல, குடிலின் புகை.

அவரை அங்கேயே உலுக்க வேண்டும் போல இருந்தது. அம்மாவின் மேல் அதைவிட ஆத்திரம் வந்தது. யார் கேட்டார்கள் இந்தத் தியாகத்தை?

மேயர் தலையைச் சொறிந்தார். "பாதைன்னா பரவால்ல. பேரு கொஞ்சம் ஆழமா வெட்டியாச்சு..."

"ஆழமா வெட்டினா ஆழமாக் கொத்தி எடுங்க!" என்று கத்தியது நான்தான்.

போன குளிர்காலத்தில் படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டபோது, இரண்டு தோள்களிலும் பட்டை பட்டையாகத் தழும்புகளைப் பார்த்தேன். இதென்னம்மா என்று கேட்டேன்.

"செஸ்ட்நட் கூடைப் பட்டை உரசினது. விடு," என்றாள்.

நானும் விட்டுவிட்டேன்.